மலிவும் அண்டையும்

ஒவ்வொரு காலமும் தனக்கென ஒரு நூல் வகையைப் படைத்துக் கொள்கிறது. நம் முன்னோர் காலத்தில் ஹஜ்ஜுப் பயண விளக்க நூல்கள் விரும்பிப் படிக்கப்பட்டன. பின்னர் உலகம் சுற்றியோரின் பயண நூல்கள் வந்தன, ஏ. கே. செட்டியார் போன்றோர் அத்துறையில் தமிழுக்கு ஆற்றிய தொண்டு பெரிது. இன்று வேறொரு வகை பரவி வருகிறது. பணி ஓய்வு பெற்றோர் தம் நாட்டை விட்டுச் செலவு குறைந்த அயல்நாடு ஒன்றில் குடியேறி, எஞ்சிய ஆயுளைச் சுகமாகவும் சாகசமாகவும் கழிப்பது எவ்வாறு என வழிகாட்டும் எழுத்துக்களே அவை. மேனாட்டில் தோன்றிய இவ்வகை இப்போது நம் இல்லங்களிலும் நுழைந்துவிட்டது. இதனைத் திறனாய்ந்து பார்ப்பதே ஈண்டு நமது நோக்கம்.

நாம் வாழும் காத்திவாக்கத்தில் இவ்வெழுத்துக்கு வாசகர் இலர் என்று எவரும் எண்ண வேண்டா. எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தொழிற்சாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றோர் இங்கே நிறைந்துள்ளனர். பிள்ளைகள் சார்ஜாவிலும் கோலாலம்பூரிலும் இருக்கின்றனர். கையில் வந்த சேமநிதியோ ஆண்டுதோறும் மதிப்புக் குறைகிறது. இந்நிலையில், அதே பணத்தைக் கொண்டு மலையடிவாரத்திலோ கடற்கரையிலோ அரசரைப் போல வாழலாம் என்று ஓர் ஏடு கூறுமாயின், அதனைப் படிக்காமல் இருப்பார் யார்?

முதற்கண் இவ்வெழுத்தின் நற்பண்புகளைக் கூறிவிடுவோம். அது கணக்கில் நேர்மை காட்டுகிறது. வாடகை இவ்வளவு, உணவு இவ்வளவு, மருத்துவம் இவ்வளவு என்று பிரித்துரைக்கிறது. முதுமை என்றால் திண்ணையில் சாய்ந்து மரணத்தை எதிர்நோக்கும் காலம் என்ற சோர்வை அது ஏற்பதில்லை. அறுபது வயதில் புது மொழி கற்கலாம், புது மலை ஏறலாம் என்று ஊக்குகிறது. இவை பாராட்டத்தக்கவை.

எனினும், ஒரு நூல் வகையை மதிப்பிட வேண்டுமானால், அது எச்சொல்லை அச்சாகக் கொண்டு சுழல்கிறது என்று காண வேண்டும். இவ்வெழுத்தின் அச்சுச் சொல் ‘மலிவு’. ஏனைய சொற்கள் யாவும் அதனைச் சுற்றியே வருகின்றன. கடல் அழகு, ஏனெனில் கடலோர வீடு மலிவு. மக்கள் அன்பானவர், ஏனெனில் பணியாள் கூலி மலிவு. இச்சொல்லை உரைத்துப் பார்க்க நம்மிடம் ஓர் உரைகல் உண்டு. முதிய வயதில் தாயகம் நீங்கி அயல்மண்ணில் தங்குவதற்கு அரபு மொழியில் நெடுங்காலமாக ஒரு சொல் வழங்கி வருகிறது. ‘முஜாவரா’ என்பதே அச்சொல்.

மக்கா, மதீனா நகரங்களுக்குச் சென்று, ஹஜ்ஜை முடித்த பின்னும் திரும்பாமல் ஹரமின் அருகிலேயே தங்கிவிடுவோரை ‘முஜாவிர்’ என்பர். இதன் வேர்ச்சொல் ‘ஜார்’. அதன் பொருள் அண்டை வீட்டார். எனவே முஜாவரா என்றால் அண்டை வீட்டாராய் ஆதல் என்க. அதே வேரிலிருந்து பிறந்த ‘ஜிவார்’ என்னும் சொல் அடைக்கலத்தையும் குறிக்கும். தாயிஃப் நகரத்தார் கல்லால் அடித்துத் துரத்திய பின்னர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முத்இம் இப்னு அதீ என்பாரின் ஜிவாரிலேயே மக்காவுக்குள் திரும்பி வந்தார்கள் என்பதை வரலாறு படித்தோர் அறிவர். முத்இம் இஸ்லாத்தைத் தழுவியவர் அல்லர். ஆயினும் அண்டை முறைமை அறிந்தவர். ஆகவே அயலூரில் தங்குதல் பற்றிய நம் சொல்லுக்குள்ளேயே இரண்டு மனிதர் இருக்கின்றனர்: தங்குபவர் ஒருவர், இடமளிப்பவர் மற்றவர். ‘மலிவு’ என்ற சொல்லுக்குள் இருப்பவரோ ஒருவரே, வாங்குபவர் மட்டுமே.

இதற்குச் சான்றாக ஒரு முதியவரைக் காட்டுவோம். கவாரிஸ்ம் நாட்டில் 1075ஆம் ஆண்டில் பிறந்த அல்லாமா ஸமக்ஷரீ அவர்கள் ஒரு காலை இழந்தவர். அந்நிலையிலும் தொலைதூரம் கடந்து மக்காவில் வந்து தங்கினார். அறுபதை நெருங்கும் வயதில், கஅபாவின் அருகிலிருந்தபடி ‘அல் கஷ்ஷாஃப்’ என்னும் திருமறை விரிவுரையை இரண்டாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் எழுதி முடித்தார். கொள்கையில் அவர் முஃதஸிலா வழியினர்; ஆயினும் மொழி நுட்பத்திற்காக அவ்விரிவுரையை நம் ஆலிம்கள் இன்றும் புரட்டுகின்றனர். மக்காவில் தங்கியதால் அவருக்குக் கிடைத்த பட்டப் பெயர் ‘ஜாருல்லாஹ்’, அல்லாஹ்வின் அண்டை வீட்டார் என்பதாகும். ஓய்வும் சாகசமும் ஒருங்கே கண்ட வாழ்க்கை அது. அவர் எவ்வளவு வாடகை கொடுத்தார் என்பதை வரலாறு நமக்குக் கூறவில்லை. அண்டை வீட்டில் அமர்ந்து என்ன செய்தார் என்பதைக் கூறுகிறது.

அதற்காக நம் அறிஞர் பெருமக்கள் முஜாவராவைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ்ந்தனர் என்று கருதலாகாது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அதனை விரும்பவில்லை. ஹஜ்ஜு முடிந்ததும் உமர் (ரலி) அவர்கள் மக்களை அவரவர் நாட்டுக்குத் திரும்புமாறு ஏவியதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்துரைத்து, அங்கே தங்குவதை வெறுத்தோர் கூறிய காரணங்கள் மூன்றினை வகுத்துரைக்கின்றார். பழகப் பழக அவ்விடத்தின் மதிப்பு உள்ளத்தில் குன்றிச் சலிப்புத் தோன்றும் என்பது ஒன்று. பிரிந்திருந்தால்தான் ஏக்கம் பெருகும் என்பது இரண்டு. அப்புனித மண்ணில் பிழை செய்துவிடக்கூடும் என்ற அச்சம் மூன்று. இமாம் நவவீ (ரஹ்) அவர்களோ, பாவத்தில் வீழ்வோம் என்ற அச்சம் மிகாதவருக்கு அது விரும்பத்தக்கதே என்று நடுநிலை கண்டார். ஒரு நன்மையான செயலைக்கூட எவ்வளவு நுணுக்கமாக எடை போட்டனர் பாருங்கள்! இன்றைய வழிகாட்டி எழுத்தில், ‘இங்கு வந்தால் சலிப்பு வரும்’ என்று எழுதத் துணிந்தவர் அரியர். முதலாண்டின் மகிழ்ச்சியை அது எழுதுகிறது. ஐந்தாம் ஆண்டின் மாலைப்பொழுதை எழுதுவதில்லை.

இப்போது மலிவு என்ற சொல்லுக்குத் திரும்புவோம். ஒரு பொருள் ஒருவருக்கு மலிவாகக் கிடைக்கிறது என்றால், அதன் மீதி விலையை வேறு எவரோ செலுத்துகிறார் என்பது பொருளியலின் பால பாடம். இதற்குத் தூரதேசம் போக வேண்டியதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னைப் பட்டணத்து வெள்ளையர் ஓய்வு நாட்களில் காற்று வாங்க வந்த கழிமுகம் நமது எண்ணூர். உதகையோ அவர்களுடைய மற்றொரு ஓய்வகம். அங்கே 1820களில் ஜான் சல்லிவன் தோதவர் நிலத்தை ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினார் என்பர். வாங்கியவரின் நாட்குறிப்பில் அது குளிர்ந்த மலை, மலிந்த நிலம். தோதவரின் நாட்குறிப்பு என்று ஒன்று எழுதப்படவே இல்லை. நாம் திறனாயும் எழுத்து வகையின் மூதாதை இதுவே என்பது நம் கருத்து. இன்றும் அயல்நாட்டு ஓய்வூதியர் திரளும் கடற்கரை நகர்களில், வாடகை உயர்ந்து, உள்ளூர்த் தொழிலாளி தன் சொந்த ஊரின் விளிம்புக்குத் தள்ளப்படுகிறான். அவன் நமது வழிகாட்டி ஏட்டில் ‘புன்னகை மாறாத மக்கள்’ என்ற ஒரு தொடரில் அடங்கிவிடுகிறான். பெயர் இல்லை, வீடு இல்லை, அவனுக்கும் ஒரு முதுமை உண்டு என்ற நினைவும் இல்லை.

இதைப் படிக்கும் காத்திவாக்கத்து அன்பர் ஒருவர் நம்மை மறித்துக் கேட்கலாம்: “எல்லாம் சரிதான் ஐயா, எங்கள் ஊரின் நிலை உங்களுக்குத் தெரியாதா? இங்கிருந்து போகாமல் என்ன செய்வது?” இக்கேள்வி நியாயமானது. வெள்ளையர் காற்று வாங்கிய கழிமுகத்தின் கரையில் 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆயினும் சாம்பற் சேறு கொற்றலை ஆற்றின் கழியை விட்டு நீங்கியபாடில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து, காட்டுக்குப்பம் முதலான மீனவர் குடியிருப்புகளில் படகும் வலையும் கரியாயின. அம்மாதம் 26ஆம் நாள் இரவு, உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி நள்ளிரவில் வீடு விட்டு ஓடினர். நெஞ்சுச் சளியால் வருந்தும் முதியவர் ஒருவர் நல்ல காற்று தேடிப் போவதை மார்க்கம் தடுக்கவில்லை. இறைவனின் பூமி விசாலமானது என்பது திருமறையின் போதனை. துன்பத்திலிருந்து விலகிச் செல்வது வேறு. மலிவு என்று அடுத்தவரின் கழிமுகத்தில் போய் அமர்வது வேறு. மின்சாரம் பட்டணம் முழுவதற்கும் பயன்பட, அதன் சாம்பலைத் தான் ஏற்ற ஊர் காத்திவாக்கம். ஒருவருடைய வசதியின் மீதி விலையைச் செலுத்துவது எப்படி இருக்கும் என்பதை நம் ஊரார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதனால்தான், போகுமிடத்தில் அவ்விலையைச் செலுத்துபவர் யார் என்று கேட்கும் கடமை மற்றவரைவிட நமக்கு அதிகம்.

அடுத்து, சட்டம். வழிகாட்டி எழுத்துக்கள் குடியுரிமை அனுமதியை ஒரு படிவமாகக் கருதுகின்றன. அது பிறர் கையிலுள்ள கயிறு என்பதை மறந்துவிடுகின்றன. மலேசிய அரசு 2002இல் ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2021இல் அதற்குரிய மாத வருமான வரம்பு 10,000 ரிங்கிட்டிலிருந்து 40,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. 2024இல் விதிகள் மீண்டும் மாறின. முஜாவிர்களின் புனித நகரமே இன்று எவ்வாறு உள்ளது? சவூதி அரசு 2019இல் அறிமுகம் செய்த சிறப்பு வதிவிட அனுமதிக்குக் காலவரையற்ற வகைக்கு 8 இலட்சம் ரியாலும், ஓராண்டு வகைக்கு 1 இலட்சம் ரியாலும் கட்டணம் விதிக்கப்பட்டன. ஒரு காலத்தில் கோணியும் கூஜாவுமாய்ப் போன ஏழை ஹாஜி ஹரமின் நிழலில் முதுமையைக் கழித்தார். இன்று அண்டை வீட்டாராவதற்கும் விலைப்பட்டியல் வந்துவிட்டது. வளைகுடாவில் முப்பது ஆண்டு உழைத்தவரும் வேலை ஒப்பந்தம் முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியவரே.

இக்கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று நம் அருகிலேயே உள்ளது. காத்திவாக்கத்துக்குத் தெற்கே எர்ணாவூரில் ‘பர்மா நகர்’ என்றொரு குடியிருப்பு உண்டு. இரங்கூனையே ஊராகக் கொண்டு, அங்கேயே முதுமை காண்போம் என்று எண்ணியிருந்த தமிழர் பலரின் கதை அப்பெயருக்குள் அடங்கியிருக்கிறது. 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். கடைகளும் நிறுவனங்களும் நாட்டுடைமையாயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுக்கள் செல்லாதவையாயின. ஆயுட்கால உழைப்பைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு இலட்சக்கணக்கான இந்தியர் கப்பலேறினர். தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய சூலியா பள்ளிவாசல் இன்றும் இரங்கூனில் நிற்கிறது. எழுப்பியோர் வழிவந்தோரில் பலர் அன்று கிளம்பிவிட்டனர். அயல்நாட்டு ஓய்வு பற்றி ஏடு எழுதுவோர், ஒரு முறை பர்மா நகர்த் தெருவில் நடந்து, மூத்தோர் எவரேனும் இருந்தால் அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு எழுதத் தொடங்கினால் அவ்வேடு சிறக்கும்.

சாகசம் என்னும் சொல்லையும் ஆய்வோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அவர்களுக்குத் தம் இல்லத்தில் இடமளித்தவர் அபூ அய்யூப் அல் அன்சாரீ (ரலி) அவர்கள். ஏறத்தாழ ஏழு மாதம் அவ்வில்லமே நபியவர்களின் தங்குமிடமாயிற்று. அதே அபூ அய்யூப் (ரலி) அவர்கள் தள்ளாத வயதில், ஹிஜ்ரி 50ஐ ஒட்டிய ஆண்டுகளில், நெடுந்தொலைவு சென்று கான்ஸ்டான்டிநோபிளின் மதில் அருகே நோயுற்று மறைந்தார்கள். இன்றைய இஸ்தான்பூலில் அவர்களது அடக்கத்தலத்தைச் சுற்றி அவர்கள் பெயராலேயே ஒரு நகர்ப்பகுதி விளங்குகிறது. இளமையில் இடமளித்தவர், முதுமையில் பயணியானவர். விருந்தோம்பலின் அருமை அறிந்தவருக்கே விருந்தாளியாகும் தகுதி முழுமையாகக் கிட்டுகிறது. ஊரில் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டாரின் பெயரை அறியாதவர், பினாங்குக்குப் போனால் மட்டும் நல்ல அண்டை வீட்டாராகிவிடுவாரா?

நம் குடும்பங்களுக்கே உரிய மற்றொரு செய்தியும் உண்டு. சபராளியின் மனைவி இளமை முழுவதும் காத்திருந்தாள். பிள்ளை பெற்றாள், மாமியார்க்குப் பணிவிடை செய்தாள், இரண்டாண்டுக்கு ஒரு முறை வந்த விருந்தாளியாகக் கணவனைக் கண்டாள். அறுபது வயதில் அவர் திரும்பி வந்து, “வாருங்கள், வேறொரு நாட்டில் சாகசமாக வாழ்வோம்” என்கிறார். அவருக்குச் சேமிப்பு வங்கியில் இருந்தது. அவளுக்கோ சேமிப்பு அண்டை வீடுகளில் இருந்தது. நோன்புக் கஞ்சி கொடுத்து வாங்கிய வீடுகள், பிரசவத்துக்கு ஓடி வந்த வீடுகள், மையித்து வீட்டில் கூடி அமர்ந்த வீடுகள் ஆகிய இவையே அவளது முதல். அதனை எந்த நாட்டு நாணயமாகவும் மாற்ற இயலாது. அவளும் உலகம் காண விரும்பலாம். பல மாதர் நம்மைவிடத் துணிவுடையோர். ஆனால் அவளிடம் கேட்க வேண்டும். நாம் படித்த வழிகாட்டி எழுத்துக்களில் ‘நானும் என் மனைவியும் முடிவு செய்தோம்’ என்று வருகிறது. அவள் என்ன கூறினாள் என்பது வரவில்லை. அல்லும் பகலும் கல்வி தேடிப் பல்லாண்டு அலைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களையே பிள்ளைகளின் அழைப்புத்தான் தூஸ் நகருக்குத் திருப்பிக் கொணர்ந்தது. அதை அவர்களே எழுதி வைத்துள்ளார்கள்.

இறுதியாக, இவ்வகை எழுத்து அறவே பேசாத ஒன்று கப்று. உயிர் பிரிந்த இடத்திலேயே காலந்தாழ்த்தாது அடக்குவது நம் மார்க்க வழி. மக்கா, மதீனா, பைத்துல் முகத்தஸ் ஆகிய மூன்றின் அருகாமை தவிர, வேறு ஊருக்கு உடலை எடுத்துச் செல்வதை ஷாஃபிஈ அறிஞர்கள் ஏற்பதில்லை. ஆகவே, போகும் நாட்டில்தான் தம் கப்றும் என்பதை முடிவு செய்துகொண்டே போக வேண்டும். குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழுகை நடத்தித் தூக்கிச் செல்வது அவ்விடத்து முஸ்லிம்கள் மீதுள்ள கடமை. அதாவது அண்டை வீட்டார் மீதுள்ள கடமை. வாடகைப் பட்டியலில் இதற்கு வரி ஏது? அண்டை வீட்டாரைப் பற்றி வானவர் ஜிப்ரீல் (அலை) திரும்பத் திரும்ப வலியுறுத்தியதால், அவர் சொத்திலும் வாரிசாக்கப்படுவாரோ என்று நபியவர்கள் எண்ணுமளவு ஆயிற்று என்பது ஹதீஸ். வாரிசுக்கு நிகராகச் சொல்லப்பட்ட ஒருவரை ‘புன்னகை மாறாத மக்கள்’ என்று ஒரு தொடரில் முடித்துவிடும் எழுத்து, எவ்வளவு சரியாகக் கணக்குக் காட்டினாலும், குறையுடையதே.

அங்ஙனமாயின் இத்துறையில் நல்ல நூல் எவ்வாறு அமையும்? வீடு பார்க்குமுன் அண்டை பார் என்பது அரபுப் பழமொழி. நல்ல நூல் அம்முறையிலேயே தொடங்கும். அவ்வூரார் மொழியில் அவர்கள் தம் ஊரைப் பற்றிக் கூறுவதை முதலில் எழுதும். அங்குள்ள மருத்துவமனை நமக்கு மலிவா என்பதோடு, அவ்வூர் ஏழைக்கு அது எட்டுமா என்றும் எழுதும். போனவர் அவ்வூருக்கு என்ன கொடுத்தார் என்பதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கும். அதற்கு முன்மாதிரிகள் நம் வரலாற்றில் உள. 1857க்குப் பின் தாயகம் நீங்கி மக்காவில் வாழ்ந்த மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவீ (ரஹ்) அவர்கள், கல்கத்தாவைச் சேர்ந்த ஸவ்லத்துன் நிஸா என்ற பெருமாட்டி பொருளுதவ, 1870களில் அங்கே ஸவ்லத்திய்யா மதரஸாவை நிறுவினார்கள். 1891இல் அம்மண்ணிலேயே மறைந்தார்கள். 1801இல் பினாங்கில் காதர் முகைதீன் தலைமையில் நம்மவர் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அவ்வூராரின் பள்ளிவாசலாக நிற்கிறது. இவர்கள் அயல்மண்ணில் வாழ்ந்த வாழ்க்கைக்கு இக்கட்டடங்களே வரவு செலவு ஏடு.

திருமறையின் நிஸா அத்தியாயம் 36ஆம் வசனம், உறவான அண்டை வீட்டாரையும் உறவற்ற அண்டை வீட்டாரையும் தனித்தனியே குறிப்பிட்டு இருவருக்கும் நன்மை செய்யப் பணிக்கிறது. காத்திவாக்கத்தில் இருப்பவருக்கு நெட்டுக்குப்பத்து மீனவர் அந்த இரண்டாம் அண்டை. பினாங்கில் இருப்பவருக்கு அங்குள்ள மலாய்க்காரரும் சீனரும் அந்த இரண்டாம் அண்டை. புறப்பட விரும்பும் முதியோர் புறப்படட்டும். இருக்க விரும்புவோர் இருந்து இக்கழிமுகத்தின் காற்றும் நீரும் தூய்மையாக மீனவரோடு சேர்ந்து குரல் கொடுக்கட்டும். எங்கே இருப்பினும் மலிவைத் தேடும் வாங்குபவராக மட்டும் இராமல், அண்டை வீட்டார் என்று அழைக்கப்படும் தகுதியோடு நம் முதுமையை முடித்துவைக்க வல்ல இறைவன் அருள் புரிவானாக. ஆமீன்.